கோழி மேய்த்தாலும் கோறணமேந்தில்

பெறுநர்: பொதுச்சேவை அமைச்சு, பிரெஞ்சுக் குடியரசு, பரிஸ்.
அனுப்பும் இடம்: லா சப்பல், பரிஸ் 10ஆம் 18ஆம் வட்டாரங்களின் எல்லை.
பொருள்: படிப்புச் சான்றிதழ் குறைந்தோர் நிருவாக உதவியாளர் பதவிக்கு விண்ணப்பித்தல்.

பிரெஞ்சு அரச பணியில் 57 இலட்சத்துக்கு மேற்பட்டோர் இருக்கிறார்கள். அரசு, உள்ளூராட்சி, மருத்துவமனை என்று அதற்கு மூன்று கிளைகள். ஒவ்வொரு கிளையிலும் ஏ, பீ, சீ என்று மூன்று படிகள். ஏ படிக்குப் பட்டம் வேண்டும். பீ படிக்கு 'பக்' எனப்படும் உயர்தரப் பரீட்சையில் சித்தி வேண்டும். சீ படியின் அடிவரிசையிலுள்ள நிருவாக உதவியாளர் பதவிக்கோ எந்தச் சான்றிதழும் வேண்டாம், 'கொன்கூர்' என்னும் போட்டிப் பரீட்சையும் வேண்டாம். தற்குறிப்பும் ஒரு கடிதமும் அனுப்பினால் போதும். குறைந்தது மூவர் கொண்ட குழு அவற்றைப் பார்த்து, தெரிந்தெடுத்தவர்களை நேர்முகத்துக்கு அழைக்கும். கடிதம் பதிதல், கோப்பு அடுக்குதல், கருமபீடத்துக்கு வருபவருக்குப் பதில் சொல்லுதல், கொண்டுவராத பத்திரத்தின் பெயரைச் சொல்லித் திருப்பி அனுப்புதல் ஆகியவை இப்பதவியின் கடமைகள்.

குடியரசின் இந்தத் தாராளம் பழையது. 1789ஆம் ஆண்டு மனித உரிமைப் பிரகடனத்தின் 6ஆம் பிரிவே, அரச பதவிகளுக்குக் குடிமக்கள் அனைவரும் சமமாக உரியவர்கள், பார்க்க வேண்டியது ஆற்றலும் ஒழுக்கமும்தான் என்று சொல்லிவிட்டது. பின்வந்த சட்டங்கள் இன்னும் தூரம் போயின. மூன்று பிள்ளைகளை வளர்த்த தாய்மாரிடம் கொன்கூருக்கான சான்றிதழைக் கேட்கக் கூடாதென 1980இல் விதிக்கப்பட்டது. பிற்பாடு தந்தையரும் சேர்க்கப்பட்டனர். மருத்துவம், தாதிமை போன்ற தொழில்களுக்கு மட்டும் இச்சலுகை இல்லை. மூன்று பிள்ளைகளை உறங்கவைத்தவருக்கு ஒரு கோப்பை உறங்கவைப்பது பெரிய காரியமல்ல என்று சட்டம் கண்டிருக்கிறது. உச்சநிலை விளையாட்டு வீரர்களுக்கும் இதே சலுகை உண்டு. கோப்புகள் மேசைக்கு மேசை போகும் வேகத்தில் அதன் பலன் இன்னும் தெரியவரவில்லை.

2005இல் 'பக்த்' என்ற திட்டமும் வந்தது. சான்றிதழ் இல்லாமல் பள்ளியை விட்ட 16 முதல் 28 வயது வரையானோரை வேலையும் பயிற்சியுமாக ஓரிரு ஆண்டு வைத்திருந்து, கொன்கூர் இல்லாமலே நிரந்தரமாக்கும் வழி அது. அரச உதவிப் பணத்தில் வாழும், நெடுங்காலம் வேலையற்றிருக்கும், 45 வயதும் அதற்கு மேலும் ஆனோருக்கும் அதில் இடமுண்டு. 29க்கும் 44க்கும் இடைப்பட்டோர் படிப்புக் குறைவை எப்படிச் சமாளிப்பது என்பது பற்றித் திட்டம் எதுவும் சொல்லவில்லை. 45 வரை பொறுத்திருப்பது ஒரு வழி.

சான்றிதழ் வேண்டாத இப்பதவிக்கு வேண்டியவை வேறு. முதலாவது குடியுரிமை. நிரந்தர ஊழியராக, பிரான்சின் அல்லது ஐரோப்பிய ஒன்றிய நாடுகள் முதலியவற்றின் குடிமகனாக இருக்க வேண்டும். இலங்கை, இந்தியக் கடவுச்சீட்டுக்காரருக்கு ஒப்பந்த வேலை கிடைக்கலாம்: அதே மேசை, அதே கோப்பு, அதே ஏச்சு, நிரந்தரம் மட்டும் இல்லை. குடியுரிமை கேட்போரிடம் முன்பு பீ1 மட்டப் பிரெஞ்சு கேட்கப்பட்டது. 2024 சனவரி 26ஆம் திகதிச் சட்டத்தின்படி, 2026 சனவரி 1 முதல் எழுத்திலும் பேச்சிலும் பீ2 மட்டம் வேண்டும். வெளிநாட்டு மாணவரைச் சேர்க்கப் பல்கலைக்கழகங்கள் பொதுவாகக் கேட்கும் மட்டமும் இதுவே. ஆகவே, படிப்பு வேண்டாத பதவியில் நிலையாக அமர விரும்பும் அகதிக்குப் பல்கலைக்கழகத்தில் அமரும் அளவு பிரெஞ்சு தெரிந்திருந்தால் போதும்.

இரண்டாவது, விண்ணப்பக் கடிதம். இந்த வேலை ஏன் வேண்டும் என்பதை அதில் விளக்க வேண்டும். மாதம் முடியச் சம்பளம், வயது போனபின் ஓய்வூதியம் என்ற உண்மையை எழுதுவது வழக்கமில்லை. பொதுச்சேவையின் சமத்துவம், நடுநிலை, தொடர்ச்சி ஆகியவற்றின் மேல் சிறுவயது முதலே பற்று இருந்ததாக எழுதுவது வழக்கம்.

தமிழர் கடைத்தெருவான லா சப்பலில் இப்பற்றுக்குக் குறைவில்லை. 'கோழி மேய்த்தாலும் கோறணமேந்தில் மேய்க்க வேண்டும்' என்பது, அரசாங்கத்தைக் 'கோறணமேந்து' என்றழைத்த யாழ்ப்பாணத்தின் முதுமொழி. எழுதுவினைஞர் உத்தியோகம் அங்கே சீதனச் சந்தையில் விலைபோன பண்டம். 1956இல் சிங்களம் மட்டும் இலங்கையின் அரச கரும மொழியானபின், சிங்களத் தேர்ச்சி பெறாத தமிழ் ஊழியர் பலர் பதவி உயர்வையும், சிலர் பதவியையுமே இழந்தனர். 1983க்குப் பிறகு வந்த போர் அடுத்த தலைமுறையின் பள்ளிக்கூடத்தைக் குலைத்தது. 1995 ஒக்ரோபர் 30இல் யாழ்ப்பாணத்தின் வலிகாமம் பகுதி ஒரே இரவில் இடம்பெயர்ந்தபோது சாதாரண தரப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தவர் இன்று நடுவயதில் பரிஸ் உணவகமொன்றில் கோப்பை கழுவுகிறார். அவரது தற்குறிப்பில் 'கல்வி' என்ற தலைப்பின்கீழ் இருக்கும் வெற்றிடம் சோம்பலால் வந்ததல்ல. சான்றிதழைக் காப்பாற்றிக் கொண்டுவந்தவர்கள், செவ்ரில் உள்ள சான்றிதழ் மதிப்பீட்டு நிறுவனத்துக்கு அதை மொழிபெயர்ப்புடன் அனுப்பி, அது பிரான்சில் எந்த மட்டத்துக்கு ஒப்பானது என்று ஒரு தாள் பெறலாம். ஒப்பானது என்று அத்தாள் சொல்லும். சமமானது என்று சொல்லாது.

இவ்வளவு இருந்தும், இவர்கள் நிருவாகப் பயிற்சி இல்லாதவர்கள் என்று அமைச்சு கருதுமானால் அது தன் உழைப்பையே குறைத்து மதிப்பிடுவதாகும். இவர்களுக்குப் பயிற்சி அளித்தது குடியரசுதான். பாடத்திட்டம் ஒழுங்கானது. முதற் பாடம், அகதி விண்ணப்பத்தைப் பிரெஞ்சில் நிரப்பி 21 நாளுக்குள், அதைத் தீர்மானிக்கும் அலுவலகமான 'ஒப்பிரா'வுக்கு அனுப்புதல். தப்பி ஓடிய நாள்களைத் திகதி பிசகாமல் எழுதுதல் இதில் அடங்கும். நிராகரித்தால் ஒரு மாதத்துக்குள் மொந்திரேயிலுள்ள நீதிமன்றத்துக்கு மேன்முறையீடு. அகதியாக ஏற்றால் பிறப்புச் சான்றிதழையும் ஒப்பிராவே எழுதித் தரும். பிறந்தது பருத்தித்துறையில், பத்திரம் பிறந்தது ஃபொந்தனே சூ புவாவில். பிறகு வதிவிட அட்டை வழங்கும் பிரிபெக்சர் அலுவலகத்தில் 'ரொந்தேவு' எனப்படும் சந்திப்பு நேரத்துக்காக நள்ளிரவில் கணினித் திரையைப் புதுப்பித்தல், குடும்பக் கொடுப்பனவு, காப்புறுதி, ஆண்டுதோறும் வரிக்கணக்கு. மூன்று மாதத்துக்கு மேற்படாத மின்கட்டணச் சிட்டை எப்போதும் கைவசம். சிட்டை வேறொருவர் பெயரில் இருந்தால், அவர் கையெழுத்திட்ட கடிதமும் அவரது அடையாள அட்டைப் பிரதியும்.

மேற்படிப்பு கடைகளின் பின்புறத்தில் நடக்கிறது. கய் வீதியிலோ ஃபோபூர் சென் தெனி வீதியிலோ, அரிசி மூட்டைக்கும் தொலைபேசி அட்டைத் தட்டுக்கும் நடுவில் ஒரு மேசை. நிரப்புபவர் கறுப்புப் பேனாவால், பெரிய எழுத்தில், கட்டத்துக்கு ஓரெழுத்தாக எழுதுகிறார். நான்கு கட்டங்களுக்குமேல் நீளாத குடும்பப்பெயருக்காக அமைக்கப்பட்டதுபோன்ற வரியில் 'பாலசுப்பிரமணியம்' முழுவதையும் இறக்கிவிடுகிறார். எந்தப் பத்திரம் குறைந்தால் எந்தக் கந்தோர் எத்தனை நாளில் திருப்பி அனுப்பும் என்பது அவருக்கு மனப்பாடம். இளையோர் பிரிவும் உண்டு: தாயோடு பள்ளிவிட்டு நேரே கருமபீடத்துக்கு வந்து, வாடகை உதவியின் கணக்கை இருபுறமும் மொழிபெயர்க்கும் பத்து வயதுப் பிள்ளைகள். இவர்கள் யாருக்கும் அரசு சம்பளம் கொடுப்பதில்லை.

சம்பளமில்லாத இந்த அனுபவத்துக்கும் சட்டம் ஏற்கெனவே இடம் வைத்திருக்கிறது. அனுபவத்தைச் சான்றிதழாக மாற்றும் உரிமை 2002 சனவரி 17ஆம் திகதிச் சட்டத்தில் உள்ளது. மூன்று ஆண்டு அனுபவம் என்றிருந்த நிபந்தனை 2016இல் ஓராண்டாகக் குறைந்தது. 2022 இறுதியில் வந்த சட்டம் அதையும் நீக்கியது. சம்பளமில்லாத தொண்டும் அனுபவமே. ஆகவே மேற்கண்ட மேசைக்காரருக்கும், வரிசையில் நரைத்தவருக்கும் பொருத்தமான நிருவாகச் சான்றிதழை வழங்குவதே இக்கடிதத்தின் வேண்டுகோள். அதற்கு இரண்டு கட்டமாகக் கோப்பு நிரப்பி, நடுவர் குழுவின் முன் போக வேண்டும் என்பது தெரிந்ததே. அக்கோப்பைப் பிழையின்றி நிரப்பி முடிப்பவருக்கு அப்பதவிக்கான தகுதி உண்டென்று அங்கேயே நிரூபணமாகிவிடுவதால், நடுவர் குழுவின் நேரமும் மிச்சம்.

பதிலுக்கு அவசரமில்லை. நிருவாகம் இரண்டு மாதம் மௌனமாக இருந்தால் அது சம்மதம் என்பது 2013 நவம்பர் 12ஆம் திகதிச் சட்டம் வகுத்த பொதுவிதி. மௌனம் மறுப்பாகவே கொள்ளப்படும் விதிவிலக்குகளின் பட்டியல் மிக நீளமானது. இக்கடிதம் விதியில் விழுமா, விலக்கில் விழுமா என்று தேடிப் பார்க்கக் குறைந்தது ஒரு நிருவாக உதவியாளராவது தேவைப்படுவார்.