ஒரே சாவி

கேள்வி: கல்லூரியில் த்ரில்லர் படத்தின் முதல் இரண்டு நிமிடத்தை மட்டும் எடுத்தோம். மலைக்கோட்டை, முகமூடி, கத்தி, ரத்தம் எல்லாம் உண்டு. பார்த்தவர்கள் சிரிக்கிறார்களே, ஏன்?
– கல்லூரி மாணவர், திண்டுக்கல்.

பதில்: ரத்தத்துக்குத் தக்காளி சாஸ் ஊற்றியிருப்பீர்கள், அதை மன்னித்துவிடலாம். ஆனால் இரண்டே நிமிடத்தில் இத்தனையும் பரிமாறிவிட்டால், பார்ப்பவன் பயப்பட நேரம் ஏது?

1954-ல் எஸ்.பாலசந்தர் எடுத்த 'அந்த நாள்' படத்தில் பாட்டே கிடையாது. தொடக்கத்திலேயே துப்பாக்கி வெடிக்கிறது, சிவாஜி காலி! சுட்டது யார் என்று தெரிய, கடைசி வரை உட்கார வேண்டும். ஆர்சன் வெல்ஸ் இன்னும் குசும்பர். 'டச் ஆஃப் ஈவில்' (1958) படத்தில், கார் டிக்கியில் குண்டு வைப்பதை முதலிலேயே காட்டிவிட்டு, மூன்று நிமிடத்துக்கு மேல் ஒரே ஷாட்டில் அந்தக் காரைத் தெருத் தெருவாக உலவவிட்டார். நமக்குத் தெரியும், காரில் போகிறவருக்குத் தெரியாது. வயிற்றைக் கலக்குவது அதுதான்.

மலைக்கோட்டையை விடுங்கள். (தொல்லியல் துறையிடம் அனுமதி வாங்கினீர்களா என்று நான் கேட்கவே இல்லை.) சாவியைத் திருப்பினால் மணியடிக்கும் பூட்டு உங்கள் ஊர்ச் சரக்குதானே? நள்ளிரவு. வீட்டில் ஒரே ஒரு பாட்டி. அடுத்த அறை பூட்டியிருக்கிறது. திடீரென்று அந்த மணி. இருக்கும் ஒரே சாவியோ பாட்டியின் இடுப்பில்!

முகமூடிச் செலவு மிச்சம். 2019-ல் புவிசார் குறியீடு வாங்கிய பூட்டுக்கு ஓசி விளம்பரமும் ஆச்சு.