எண்ணெய் வற்றிய லேனுக்கு எந்தப் பந்து? மருங்காபுரிக்காரருக்கு ஒரு வழிகாட்டி

மருங்காபுரியில் பௌலிங் லேன் கிடையாது. ஆனால் சென்னையில் வேலை பார்க்கும் மருமகன் ஒருநாள் உங்களை மாலுக்குக் கூட்டிப்போகத்தான் போகிறார். அங்கே போய் முழிக்கக் கூடாது.

பந்தை உருட்டிவிடும் கோட்டிலிருந்து முதல் பின் வரை லேன் 60 அடி. முன்பகுதியில் எண்ணெய் பூசியிருப்பார்கள். அது 35 அடிக்குள் நின்றுவிட்டால் 'ஷார்ட் ஆயில்'. நம் மாவட்டக் கணக்கில் முன்பாதி ஸ்ரீரங்கம், பின்பாதி மருங்காபுரி. அங்கே காவிரி ஒரு பக்கம், கொள்ளிடம் மறுபக்கம், நமக்கு வானம்தான்.

எண்ணெயில் பந்து வழுக்கிக்கொண்டு போகும். காய்ந்த பலகையில் ஏறியதும் பிடித்துக்கொண்டு வளையும். காய்ச்சல் அதிகமானால் பாதி வழியிலேயே வளைந்து, வேகம் செத்து, பின்களை நலம் விசாரித்துவிட்டுப் போய்விடும்.

ஆகவே 1990களில் பரவிய 'ரியாக்டிவ் ரெசின்' பந்தைத் தொடாதீர்கள். அது எண்ணெயை உறிஞ்சும், காய்ந்த இடத்தில் கண்டபடி திரும்பும். கடைக்காரர் முதலில் எடுத்து வைப்பதும் அதைத்தான், விலை அப்படி. 1980களின் யுரேத்தேன் பரவாயில்லை, நிதானமாக வளையும். முழு வறட்சிக்கு மெருகேற்றிய பாலியெஸ்டர், அதாவது சாதாரண பிளாஸ்டிக் பந்து.

குறி வைக்கவும் கணக்கு உண்டு. எண்ணெய் நீளத்தில் 31ஐக் கழியுங்கள். 35 அடி என்றால் மிச்சம் 4. வலக்கைக்காரரின் பந்து வலது ஓரத்திலிருந்து நான்காவது பலகையருகே போய்த் திரும்ப வேண்டும். மொத்தம் 39 பலகை இருக்க, நமக்கு வாய்த்தது சாக்கடை ஓரம்.

எடை 16 பவுண்டு வரை, அதாவது சுமார் 7.26 கிலோ. மூட்டை தூக்கிய கை என்று பதினாறில் கை வைக்காதீர்கள். இங்கே வேலை மூன்று விரலுக்குத்தான்.

ஷபீர் தன்கோட் போலத் தமிழ்நாட்டிலிருந்து தேசிய சாம்பியனாகும் உத்தேசம் இருந்தால் சொந்தமாகப் பந்து வாங்குங்கள். இல்லையென்றால் ஒரு சேதி: மாலில் பொதுவுக்கு அடுக்கியிருப்பவை பெரும்பாலும் பிளாஸ்டிக் பந்துகளே. கட்டைவிரல் சிக்காமல் கழன்று வருகிறதா என்று மட்டும் பார்த்து எடுங்கள்.