கொக்குக் காலுக்கு ஒரு சைக்கிள்

வாடா பேராண்டி. புதுச் சைக்கிளாம்ல? கண்ணு கூசுற பச்சை. நல்லாத்தான் இருக்கு. நீ தெருவை ஒரு சுத்து சுத்தி வந்ததைத் திண்ணையில இருந்து பாத்தேன். இடுப்பு இந்தப் பக்கம் ஒரு ஆட்டம், அந்தப் பக்கம் ஒரு ஆட்டம். தலையில கரகம் வைக்காத குறைதான்.

கடைக்காரன் என்ன கேட்டான்? உசரம் கேட்டிருப்பான். காலைக் கேட்டானா? உங்கப்பனும் நீயும் ஒரே உசரம்தான். ஆனா பந்தியில பக்கத்துப் பக்கத்துல உக்காந்தா அவன் தலை ஒரு சாண் மேல நிக்கும். அவனுக்கு உடம்பு நீளம், உனக்குக் கொக்குக் காலு. அவனுக்குப் பொருந்துற சைக்கிள் உனக்கு எப்படிடா பொருந்தும்?

வெறுங்காலோட செவுத்துல சாஞ்சு நில்லு. தடிமனா ஒரு புத்தகத்தைக் கவட்டையில அழுத்தி வச்சு, அது மேல்விளிம்புல இருந்து தரைவரைக்கும் அள. பாடப் புத்தகமே போதும், அதுக்கும் ஒரு உபயோகம் வேணும்ல. 80 சென்டிமீட்டர்னு வை. 0.883ஆல பெருக்கினா 70.6 வருதா? பெடல் சுத்துற அச்சுக்கு நடுவுல இருந்து சீட்டு மேல்பக்கம் வரைக்கும் அம்புட்டுத்தான் இருக்கணும். 1986, 1989, 1990னு மூணு தரம் டூர் டி பிரான்ஸ் சைக்கிள் பந்தயத்தை ஜெயிச்ச கிரெக் லெமாண்டு பேரைச் சொல்ற கணக்கு இது. கிழவனுக்கு எப்படித் தெரியும்னு முழிக்காதே. ராத்திரி உன் போன்ல சார்ஜ் எப்படிக் குறையுதுன்னு நினைச்சே?

பெருக்கல் வராட்டி விடு, உங்க வம்சத்துக்கே வராது. சீட்டுல உக்காந்து, பெடல் அடியில இருக்கயில குதிகாலை வை. கால் நேரா நீளணும். அப்புறம் முன்பாதத்தை வச்சா முட்டி லேசா மடங்கும். அதான் அளவு. முட்டிக்கு முன்னாடி வலிச்சா சீட்டு தாழ்வு, பின்னாடி இழுத்தா உசரம். ஏத்துறேன்னு சீட்டுக் கம்பியில போட்டிருக்கிற கோட்டைத் தாண்டி உருவிப்புடாதே.

பாரு நடுவுல இருக்க, ரெண்டு காலையும் தரையில ஊனி நின்னு பாத்தியா? பாருக்கும் கவட்டைக்கும் ரெண்டு விரக்கடை இடைவெளி வேணும். இல்லாட்டி சட்டுனு பிரேக் அடிச்சுக் குதிக்கிற அன்னிக்கு எனக்குக் கொள்ளுப்பேரன் இல்லேன்னு ஆயிரும். அப்புறம் கழுத்து வலிச்சு, கை மரத்துப்போனா ஹேண்டில் தூரம்னு அர்த்தம். உன் குட்டை உடம்புக்கு அது கிட்டக்க வரணும், கொஞ்சம் மேலயும் ஏறணும். அதுக்காகச் சீட்டை முன்னாடி தள்ளாதே, முட்டி கோவிச்சுக்கும். ஹேண்டிலைப் பிடிச்சிருக்கிற ஸ்டெம்மைக் குட்டையா மாத்தச் சொல்லு.

நம்ம புதுக்கோட்டையில கலெக்டரம்மா ஷீலா ராணி சுங்கத் காலத்துல, எழுத்துச் சொல்லிக்குடுத்த அறிவொளி இயக்கத்துல பொம்பளைங்க ஆயிரக்கணக்குல சைக்கிள் பழகுனாங்க. லேடீஸ் சைக்கிள் தட்டுப்பாடு. பார் வச்ச ஆம்பளைச் சைக்கிள்லயே ஏறிட்டாங்க, பார்ல பிள்ளைய உக்கார வைக்கலாம்ல. உங்கப்பத்தாளும் ஏறுனா. பெருவிரல் நுனிதான் பெடலைத் தொடும், ஆனா பெல் சத்தம் ஊரைத் தாண்டிக் கேக்கும். அவளுக்குக் கிடைச்சது அந்த ஒரு சைக்கிள்தான். உனக்குக் கடை முழுக்க அளவு தொங்குது, நீ பச்சையைப் பாத்து மயங்கிட்டே.

போ, நாளைக்கே கொண்டுபோய் மாத்திட்டு வா. ஆமா, இதுல கேரியரைக் காணோமே? கேரியர் வச்சதாப் பாத்து வாங்குடா. வெள்ளிக்கிழமை சந்தைக்கு நான் எதுல உக்காந்து வர்றது?