பண்டிகைகளின் சனிப்பெயர்ச்சி: ஜெர்மனியில் பயிலும் தமிழ் மாணவரின் கொண்டாட்டக் கணிதம் குறித்து ஓர் ஆய்வு

தமிழர்க்குப் பஞ்சாங்கம் இரண்டு. ஒன்று வாக்கியம், மற்றது திருக்கணிதம். இரண்டுக்கும் நடக்கும் வழக்கு இன்று நேற்றையது அன்று. சனி பகவான் கும்பத்தை விட்டு மீனத்துக்கு 2025 மார்ச் 29 அன்றே குடிபோய்விட்டார் என்றது திருக்கணிதம். 2026 மார்ச் வரை அவர் பெட்டியே கட்டவில்லை என்றது வாக்கியம். ஒரு கிரகத்தை ஓராண்டுக்கு நடுவழியில் நிறுத்தி வைக்க வல்ல இப்பெரும் பூசலின் இரைச்சலில், மூன்றாவது பஞ்சாங்கம் ஒன்று அச்சேறாமலே நிலைபெற்றுவிட்டதை அறிஞர் உலகம் கவனிக்கத் தவறிவிட்டது. இதைச் சனிக்கிழமைப் பஞ்சாங்கம் என்று இக்கட்டுரை பெயரிடுகிறது. வெளிநாட்டில் படிக்கும் தமிழ் மாணவருக்கு எந்தப் பண்டிகையும் சனிக்கிழமையில்தான் வரும் என்பதே இதன் ஒற்றைச் சூத்திரம்.

ஆய்வுக் களம் ஜெர்மனி. 2023-24 குளிர்காலப் பருவத்தில் அந்நாட்டில் 49,483 இந்திய மாணவர்கள் படித்தார்கள். அயல்நாட்டு மாணவரில் முதலிடம் அவர்களுக்கே. குறிப்பாக, பெல்ஜியமும் நெதர்லாந்தும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும் ஆஹன் நகரத்தை இவ்வாய்வு எடுத்துக்கொள்கிறது. பொறியியல் படிக்க வந்த தமிழ்ப் பிள்ளைகள் அங்கே நிறைய. தரவுகள் மாணவர் விடுதிச் சமையலறைகளில் திரட்டப்பட்டன, பெரும்பாலும் சாப்பிட்டுக்கொண்டே.

முதலில் சான்றுகள். பொங்கல் 2024இல் திங்கட்கிழமை, 2025இல் செவ்வாய், 2026இல் வியாழன். தீபாவளி 2024இல் வியாழன், 2025இல் திங்கள். இந்த ஐந்தில் ஒன்றையாவது அதே நாளில் கொண்டாடிய விடுதி எதுவும் இவ்வாய்வாளர் கண்ணில் படவில்லை. 2024 தீபாவளியின் கதை தனியாகச் சொல்லத் தக்கது. அது அக்டோபர் 31. 1517இல் மார்ட்டின் லூதர் தம் வாதங்களை வெளியிட்ட நாள் என்பதால், ஹாம்பர்கிலும் டிரெஸ்டனிலும் அன்று அரசு விடுமுறை. அங்கிருந்த தமிழ் மாணவர்க்கு ஒரு கிறித்தவச் சீர்திருத்தவாதி தீபாவளி லீவு வாங்கிக் கொடுத்தார். ஆஹன் இருப்பதோ கத்தோலிக்கச் செல்வாக்குள்ள மாநிலத்தில்; அங்கே லூதருக்கு லீவு கிடையாது. மறுநாள் நவம்பர் 1 சகல புனிதர் திருநாள். விடுமுறைதான், ஆனால் ‘அமைதி விடுமுறை’. கடை கிடையாது, பகலில் பொது இடத்தில் ஆட்டம் பாட்டமும் கூடாது. ஆகவே தீபாவளி நவம்பர் 2க்கு நகர்ந்தது. கிழமை என்ன என்று வாசகர் கேட்க மாட்டார்.

ஞாயிறும் விடுமுறைதானே, அன்று கொண்டாடினால் என்ன என்று ஊரிலிருக்கும் சித்தப்பாக்கள் கேட்பதுண்டு. இந்த ஐயத்துக்கு விடை கி.பி. 321இல் கிடைக்கிறது. உரோமப் பேரரசன் கான்ஸ்டன்டைன் ஞாயிற்றுக்கிழமையை ஓய்வு நாளாக அறிவித்தான். 1919ஆம் ஆண்டு வைமார் அரசியல் சட்டத்தின் 139ஆம் பிரிவு அதைக் காப்பாற்றியது. இன்றைய ஜெர்மன் அரசியல் சட்டம் தன் 140ஆம் பிரிவின் வழியாக அந்தப் பழைய பிரிவை அப்படியே சுவீகரித்துக்கொண்டது. ஆக, சனி இரவு வாங்க மறந்த கொத்தமல்லித்தழையை ஞாயிறு காலையில் வாங்க விடாமல் தடுப்பது கடைக்காரரின் சோம்பல் அன்று. ஆயிரத்து எழுநூறு ஆண்டு மரபும் அரசியல் சாசனமும். ரயில் நிலையக் கடைகள் திறந்திருக்கும். அங்கே ரொட்டி கிடைக்கும். கொத்தமல்லியை எதிர்பார்ப்பது பேராசை.

ஞாயிற்றுக்கிழமை சத்தமும் கூடாது. சுவரில் துளை போடுவது பெருங்குற்றம் என்பதில் கருத்து வேறுபாடில்லை. மிக்ஸியில்தான் அறிஞர்கள் பிரிகிறார்கள். ஊரிலிருந்து புடவையில் சுற்றிப் பெட்டிக்குள் வைத்துக் கொண்டுபோன 750 வாட் மிக்ஸிக்கு மின்னழுத்தம் ஒத்துப்போகும்; இரு நாட்டிலும் 230 வோல்ட்தான். பிளக் மட்டும் சேராது, அடாப்டர் வேண்டும். சேர்ந்த பிறகு அது எழுப்பும் ஓசை, சட்னி அரைக்கும் ஓசை என்று நமக்குத் தெரியும். கீழ்த்தளத்து மூதாட்டிக்கு அது துளையிடும் இயந்திரத்தின் ஓசை. இவ்வழக்கில் மூதாட்டி பக்கமே நியாயம் இருப்பதாக இவ்வாய்வாளர் கருதுகிறார்.

சனிக்கிழமை என்று நாள் குறித்தாயிற்று, நேரம்? சனிக்கிழமை ராகுகாலம் ஒன்பதிலிருந்து பத்தரை என்று மனப்பாடம் செய்த பிள்ளைகள் அதையே ஆஹனிலும் சொல்கிறார்கள். இது பெரும்பிழை. ராகுகாலம் பகற்பொழுதில் எட்டில் ஒரு பங்கு. சனிக்கிழமைக்கு மூன்றாவது பங்கு. ஜனவரி நடுவில் ஆஹனில் கதிரவன் எழவே எட்டரை தாண்டுகிறது. ஐந்துக்கு முன்பே மறைந்தும் விடுகிறது. பகல் மொத்தமே எட்டேகால் மணி நேரச் சொச்சம். அதை எட்டாகப் பகுத்தால், ராகுகாலம் ஏறக்குறைய 10.40க்குத் தொடங்கி 11.40க்கு முடிகிறது. ஒரே மணி நேரம்! ஜூன் மாதத்திலோ பகல் பதினாறரை மணி. ராகு இரண்டு மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்துகொள்கிறார். ஆகவே குளிர்காலத்தில் ஜெர்மனிக்குப் போவது ராகுதோஷக்காரர்களுக்கு நல்லது என்பது இவ்வாய்வின் துணைக் கண்டுபிடிப்பு. சோதிடர்கள் இதைப் பயன்படுத்திக்கொள்ளலாம், கட்டணம் வேண்டாம்.

ஆனால் நடைமுறையில் முகூர்த்தத்தைத் தீர்மானிப்பது ராகு அன்று, ஷிப்ட். மாணவர் விசாவில் ஆண்டுக்கு 140 முழுநாள் வேலை பார்க்கலாம் என்று 2024இல் ஜெர்மனி தாராளம் காட்டியது. அதற்கு முன் 120. கூடுதலாகக் கிடைத்த இருபது நாளில் பல நாள் சனிக்கிழமையில் விழுந்தது விதியின் விளையாட்டு. கிடங்கில் பெட்டி அடுக்கிவிட்டு ஒருவன் வர நாலரை ஆகும். மற்றொருத்தி உணவக வேலைக்கு ஏழுக்குக் கிளம்ப வேண்டும். இடைப்பட்ட இரண்டரை மணி நேரமே சுபவேளை.

அடுத்தது உட்பிரிவுப் பூசல். செவ்வாய்க்கிழமைப் பொங்கலை அதற்கு முந்திய சனியில் வைப்பதா, பிந்திய சனியிலா? முன்சனிக் கட்சிக்கு வலுவான பொருளாதாரக் காரணம் உண்டு. பொங்கலுக்கு நாலு நாள் கழித்து ஈழத்தமிழர் நடத்தும் கடைக்குப் போய்க் கரும்பு கேட்டுப் பாருங்கள். “தம்பி, பொங்கல் செவ்வாயே முடிஞ்சுதெல்லே, இனி எங்க கரும்பு?” என்பார் அண்ணர். மஞ்சள் கிழங்கு மட்டும் ஒரு மூலையில் சுருங்கிக் கிடக்கும். பின்சனிக் கட்சியோ ஜெர்மானிய நண்பர்களைத் துணைக்கு அழைக்கிறது. அந்நாட்டில் பிறந்தநாள் வாழ்த்தை ஒரு நாள் முன்னதாகச் சொன்னால் கெட்ட சகுனம்; சொன்னவனை முறைப்பார்கள். பிந்திக் கொண்டாடினால் குற்றமில்லை. (பிறந்தநாள்காரரே கேக் கொண்டுவர வேண்டும் என்பதும் அங்கே வழக்கம். வகுப்பு முழுக்க மிட்டாய் கொடுத்து வளர்ந்த தமிழ்ப் பிள்ளைக்கு இதில் கற்க ஒன்றுமில்லை.) சகுனமும் கரும்பும் மோதும்போது கரும்பே வெல்ல வேண்டும் என்பது என் துணிபு.

இனி, பொங்குதல். இதுவே ஆய்வின் மையம். சற்று நின்று பார்க்க வேண்டும். ஐந்தாம் மாடிப் பொதுச் சமையலறை. நான்கு வட்டம் வரைந்த கறுப்புக் கண்ணாடி அடுப்பு. அதன்மேல் சர்க்கரை கலந்த பால் வழிந்தால் கருகி ஒட்டிக்கொள்ளும். ஆறவிட்டால் கண்ணாடியிலேயே தழும்பு விழும். பிளேடு பொருத்திய சுரண்டியால் சூட்டோடு சூடாகச் சுரண்ட வேண்டும். இந்த வாரத் துப்புரவுப் பொறுப்பு யாருடையது என்று குளிர்பெட்டியில் ஒட்டிய அட்டவணை சொல்கிறது. அப்பொறுப்புக்குரிய பிரேசில் நாட்டு மாணவன் பாஸ்தாப் பாத்திரத்தோடு பின்னாலேயே நிற்கிறான். பொங்கவும் வேண்டும், வழியவும் கூடாது. இம்முரண்பாட்டுக்கு விடுதித் தமிழர் கண்ட தீர்வு பொறியியல் வரலாற்றில் இடம்பெறத் தக்கது. பால் நுரைத்து விளிம்பைத் தொடும் நொடியில் ஒருவர் பாத்திரத்தைத் துணியோடு பிடித்துத் தூக்கி, இரண்டே எட்டில் கைகழுவும் தொட்டிக்குக் கொண்டுபோய்ச் சாய்க்கிறார். நாலு சொட்டு அங்கே வழிகிறது. சுற்றி நிற்பவர்கள் “பொங்கலோ பொங்கல்!” என்கிறார்கள், நூலகத்தில் பேசும் குரலில். உடனே பாத்திரம் அடுப்புக்குத் திரும்புகிறது; அரிசி விழுகிறது. எந்தப் பக்கம் பொங்கியது என்று அலைபேசியில் பாட்டி கேட்டால் ‘கிழக்கு’ என்று சொல்லிவிட வேண்டும். தொட்டி மேற்கே இருப்பதைப் பாட்டி அறிய வேண்டியதில்லை. சூடம் ஏற்றுவது பற்றி ஒரே வரி: குடியிருப்புகளில் படுக்கையறைக்குப் புகை உணர்கருவி வைப்பது பதினாறு மாநிலங்களிலும் சட்டம், அந்தக் கருவிக்கு பக்தி கிடையாது.

தீபாவளிக்கு வேறொரு விநோதம். ஜெர்மனியில் வெடியை ஆண்டின் கடைசி மூன்று வேலைநாட்களில்தான் விற்பார்கள். டிசம்பர் 31, ஜனவரி 1 ஆகிய நாட்களில்தான் கொளுத்தலாம். கம்பி மத்தாப்புக்கு மட்டும் ஆண்டு முழுதும் அனுமதி, பன்னிரண்டு வயதானால் போதும். எனவே தீபாவளி இங்கே இரண்டு தவணைப் பண்டிகை. முறுக்கும் மத்தாப்பும் நவம்பரில். சரவெடி ஆசை டிசம்பர் 31 நள்ளிரவில். அன்றைக்கு ஊரே வெடிக்கும்போது, நரகாசுரன் இரண்டு மாதம் தாமதமாகச் செத்தான் என்று எவரும் சந்தேகிப்பதில்லை.

எண்ணெய்க் குளியலைச் சனிக்கு நகர்த்த அம்மாக்கள் ஒப்புவதில்லை. 2024 தீபாவளியன்று சென்னையில் விடிகாலை நாலு மணி என்பது ஆஹனில் முந்தைய இரவு பதினொன்றரை. வீடியோ அழைப்பு வரும். “எண்ணெய் தேய்ச்சுக் குளிச்சியாடா?” “குளிச்சேம்மா.” “தலையக் காட்டு.” குளிர்தொப்பியைக் கழற்றாமலே மகன் தலையாட்டுவான். பின்னால் நூலக அலமாரி தெரியும். பொய் பிடிபட்டால், இரவு பத்துக்கு மேல் விடுதியில் சத்தம் கூடாது என்ற விதி அவனுக்குக் கைகொடுக்கும்.

விதிவிலக்குகளையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். கிறிஸ்துமஸ் நகராது; நாடே 25, 26 இரண்டு நாளும் கதவைச் சாத்திவிடுகிறது. நகர் வெறிச்சோடும் அந்த நாளில் தூத்துக்குடிப் பிள்ளை கேக் வெட்ட, இந்து முஸ்லிம் நண்பர்களே கூட்டம். பெருநாள் தொழுகை பிறைப்படி உரிய நாளில் நடக்கிறது. பிரியாணி மட்டும் சனிக்கு ஒத்திப்போடப்படுகிறது. சனிக்கிழமை கவிச்சி தொடாத பெருமாள் வீட்டுப் பிள்ளைகள் இதனால் படும் பாட்டுக்குச் சனிக்கிழமைப் பஞ்சாங்கத்தில் பரிகாரம் இல்லை. உருளைக்கிழங்கைத் தனியே பொறுக்கிக் கொள்கிறார்கள், அவ்வளவுதான்.

ஹம் நகரில் ஈழத்தமிழர் எழுப்பி 2002இல் குடமுழுக்குச் செய்த காமாட்சி அம்பாள் கோயில் இவ்வாய்வுக்குப் பேராதரவு. அதன் கோடைத் தேர்த் திருவிழாவுக்கு ஐரோப்பா முழுவதிலிருந்தும் ஆயிரக்கணக்கில் கூட்டம் வருகிறது. தீர்த்தம் பக்கத்துக் கால்வாயில். தேர் பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமையில்தான் ஓடுகிறது. அம்பாளே வாரயிறுதியைப் பார்க்கும்போது மாணவனை யார் குறைசொல்வது? ஆஹனில் ஏறினால் ஆர்இ 1 ரயில் மாறாமல் ஹம் வரை போகும். பருவப் பயணச்சீட்டு வைத்திருப்பவர்க்குத் தனிக் கட்டணமில்லை.

கொண்டாட்டம் முடிந்தபின் காலி பாட்டில்கள் மிஞ்சுகின்றன. ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பாட்டிலுக்கும் டின்னுக்கும் தலைக்கு 25 சென்ட் வைப்புத்தொகை. கடை இயந்திரத்தில் போட்டால் சீட்டு வரும். ஒரு தீபாவளியின் பாட்டில்கள் அடுத்த சனிக்கிழமை சாம்பாருக்கு வெங்காயம் வாங்கித் தருகின்றன. பண்டிகையில்லாத சனியிலும் இதே கூட்டம், இதே சாம்பார், பிறகு ரம்மி.

பெற்றோர்க்கு இறுதியாக ஒரு வேண்டுகோள். செவ்வாயன்று பொங்கல் முடிந்து, சனியன்று பிள்ளை வேட்டியோடு ஸ்டேட்டஸ் வைத்தால் நாள் தெரியாமல் கெட்டுப்போனான் என்று பதற வேண்டாம். அவன் பஞ்சாங்கம் சரியாகத்தான் ஓடுகிறது. யாரிடமாவது பருப்புப்பொடியும் அப்பளமும் கொடுத்தனுப்புவதானால், வெள்ளிக்கிழமைக்குள் சேரும்படி அனுப்புங்கள்.