மயங்கி விழும் டாக்டரய்யாவுக்கு

வாங்க டாக்டரய்யா, உக்காருங்க. பெஞ்சு வேணாம், அந்தச் சாய்மான நாற்காலியிலேயே உக்காருங்க. நீங்க எந்நேரம் எந்தப் பக்கம் சாய்வீங்கன்னு எங்களுக்கு என்ன தெரியும்?

மூஞ்சியத் தூக்கி வச்சுக்காதடா பேராண்டி. ரெங்கம் எவ்வளவு பெரிய ஊரு? ஸ்டேஷன் பக்கம் ஒருத்தன் தும்மினா பாசார்ல இருக்கறவன் 'நூறாயிசு' சொல்லுவான். நீ எஸ்.பி.எம். பரீட்சையில வாங்கின ஏ எத்தனைங்கிற சேதி ஊரைச் சுத்தி வர ஒரு பகல் ஆச்சு. முதலுதவி வகுப்புல கட்டுத்துணியில சிவப்புச் சாயம் தடவிக் காட்டினதுக்கே நீ பொத்துன்னு விழுந்த சேதி அரை மணி நேரத்துல வந்து சேர்ந்துடுச்சு. உங்க அம்மா வெயில்னு சமாளிச்சா. வகுப்புல ஏர்கோன் ஓடுச்சுன்னு உன் தங்கச்சி போட்டுக் கொடுத்துட்டா.

எனக்கு ஒரே ஒரு சந்தேகம். முனியாண்டி கோயில் கிடாவெட்டுல ரத்தப் பொரியலை ரெண்டாந்தடவை கேட்டு வாங்கித் தின்னது நீதானே? கரண்டியில வந்தா ருசிக்குது, கட்டுத்துணியில வந்தா தலை சுத்துதா? கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசை.

சரி, கிண்டல் போதும். கொஞ்ச நேரத்துக்குப் போதும்னு சொல்றேன். உனக்கு மூணு பேரு புத்தி சொல்லியிருப்பாங்க. கணக்காளரா போயிடு, டாக்டர் வேலை வேணாம்னு உங்க அம்மா. ஆம்பளைப் பிள்ளை, தைரியமா இருடான்னு உன் மாமன். கண்ணை மூடு, மூச்சை இழுத்து விடு, உடம்பைத் தளர்த்துன்னு வாத்தியார். மூணுமே உதவாத யோசனை. அதுலயும் வாத்தியார் சொன்னது உன்னை இன்னும் சீக்கிரமா தரைக்கு இறக்கும்.

ஏன்னு கேளு. பாம்பைப் பார்த்தா, உச்சாணிக் கொம்புல நின்னா நெஞ்சு படபடன்னு அடிக்கும், பிரஷர் ஏறும். பிரஷர் ஏறினவன் கத்துவான், ஓடுவான், அவ்வளவு சுலபமா மயங்க மாட்டான். ரத்தத்தையும் ஊசியையும் கண்டு வர்ற பயம் மட்டும் ரெண்டு ஆட்டம் ஆடும். முதல்ல நெஞ்சு வேகமா அடிக்கும். அடுத்தாப்ல வேகஸ்னு ஒரு நரம்பு இதயத்தை மெதுவாக்கிடும், கால் பக்கத்து ரத்தக்குழாய் விரியும், ரத்தம் கீழ தங்கிடும், மூளைக்குப் போறது குறையும். கொட்டாவி வரும், குளிர்ந்த வேர்வை வரும், காது அடைக்கும், கண்ணோரம் இருட்டும். அப்புறம் தரை.

இதை ரப்பர் தோட்டத்தை வச்சுச் சொல்றேன், கேளு. நாங்க ஏன் விடியறதுக்கு முன்னாடியே நெத்தியில விளக்கைக் கட்டிக்கிட்டு, கொசுக்கடியில பால்மரம் வெட்டப் போனோம்? துரைக்குப் பயந்தா? அதுவும்தான். ஆனா அந்த நேரத்துலதான் மரத்துக்குள்ள அழுத்தம் நல்லா இருக்கும். பட்டையில கத்தி பட்டா பால் நல்லா மங்குல இறங்கும். வெயில் ஏறி, இலை வழியா தண்ணி போக ஆரம்பிச்சா அழுத்தம் இறங்கிடும், பாலும் சுணங்கிடும். அதுக்காக எந்தக் கங்காணியும் மரத்தைப் பார்த்து 'கோழைப்பய மரமே'ன்னு ஏசினதில்ல. நீ விழுந்ததும் இதே கதைதான். அழுத்தம் இறங்குச்சு, ஆள் இறங்கிட்டான். இதுல கோழையும் இல்ல, வீரனும் இல்ல. ஏற்கனவே அழுத்தம் இறங்குறப்ப, உடம்பைத் தளர்த்துடான்னா அது இன்னும் இறங்குமா ஏறுமா?

இந்தக் கூத்து உன்னோட ஆரம்பிச்சதில்ல. குரங்குலேர்ந்து வந்தோம்னு சொன்னாருன்னு நம்ம ஆளுங்க ஏசுவாங்களே, அந்த சார்லஸ் டார்வின், அவர் டாக்டரா ஆகியிருக்க வேண்டிய ஆளு. 1825-ல 16 வயசுப் பையனா எடின்பரோவுக்குப் படிக்கப் போனார். ரெண்டு தடவை அறுவை அறைக்குள்ள எட்டிப் பார்த்தார். ரெண்டுல ஒண்ணு சின்னப் பிள்ளைக்கு நடந்தது. மயக்க மருந்து இல்லாத காலம். அதே எடின்பரோவுல சிம்சன் டாக்டர் குளோரோஃபார்மைக் கொண்டு வந்ததே 1847-லதான். டார்வின் பார்த்த காலத்துல முழிப்போட இருக்கிற ஆளை அமுக்கிப் பிடிச்சுக்கிட்டு அறுக்க வேண்டியதுதான். டார்வின் அறுத்து முடிக்கிற வரைக்கும் நிக்கல, ஓட்டமா வெளிய வந்துட்டார். அப்புறம் அந்தப் பக்கமே தலை வச்சுப் படுக்கல. அது பல வருசம் தன்னை விடாம வாட்டுச்சுன்னு வயசான காலத்துல எழுதி வச்சார்.

இதுல வேடிக்கை அவரோட அப்பா. ராபர்ட் டார்வின், ஷ்ரூஸ்பரி ஊர்ல பேரெடுத்த டாக்டர், ஆறடிக்கு மேல ஆஜானுபாகு. அந்தக் காலத்துல எதுக்கெடுத்தாலும் ரத்தக்குழாயைக் கீறி ரத்தம் எடுக்கிறதுதான் வைத்தியம். அந்த மனுசனுக்கோ ஒருத்தருக்கு ரத்தம் எடுக்கிறதை நின்னு பார்க்கவே முடியாது, அறுவைன்னாலே குமட்டும். அப்படியும் ஆயுசு முழுக்க வைத்தியம் பார்த்து, சொத்து சேர்த்து, ஊரு மெச்ச வாழ்ந்துட்டுப் போனார். இந்த அருவருப்பு அப்பன்கிட்டேருந்து எனக்கு வந்த சீதனம்னு மகன் நினைச்சார். தப்பா நினைக்கல. ரத்தத்தைக் கண்டா மயங்குறவங்கள்ல பாதிக்கு மேல, நெருங்கிய சொந்தத்துல இன்னொரு மயக்கக்காரர் இருப்பார்னு இப்ப ஆராய்ச்சி செஞ்சவங்களும் சொல்றாங்க. நீ பிறந்த அன்னிக்கு ஆஸ்பத்திரி வராந்தாவுல யாரைத் தூக்கி உக்கார வச்சு சீனித்தண்ணி கொடுத்தாங்கன்னு உங்க அப்பனைத் தனியா கூப்பிட்டுக் கேளு. நான் சொன்னேன்னு சொல்லாத.

இன்னொண்ணும் இருக்கு. ஓடிப்போன அதே டார்வின், எடின்பரோவுலயே, கயானா நாட்டுல அடிமையா இருந்து விடுதலையான ஜான் எட்மன்ஸ்டன்கிட்ட காசு கொடுத்து, செத்த பறவையோட தோலை உரிச்சுப் பாடம் பண்ணக் கத்துக்கிட்டார். தோலை உரிக்கிற ஆளை வெறும் ரத்த அருவருப்பு மட்டுமா துரத்தியிருக்கும்? என் புத்திக்கு எட்டின வரை, அதைவிட அவரைத் துரத்தினது அந்தப் பிள்ளை பட்ட வேதனைதான். அந்த மாதிரி பதைப்பு உன்கிட்ட இருந்தா அதைத் தொலைச்சுடாத. பிள்ளை அலறும்போது கொட்டாவி விடுற டாக்டர்கிட்ட நான் என் நாயைக்கூட காட்ட மாட்டேன். நீ தொலைக்க வேண்டியது மயக்கத்தை மட்டும்தான்.

அதுக்கு வழி இருக்கு. சுவீடன் நாட்டுல லார்ஸ் கோரான் ஓஸ்ட்னு ஒரு மனநல ஆய்வாளர் 1980-கள்ல செஞ்சு காட்டினது. கித்தாக்காட்டுக் கிழவனுக்கு சுவீடன் எப்படித் தெரியும்னு பார்க்கிறியா? என் பேத்தி மிசியா, அதான் நர்ஸா, வேலை பார்க்கிறா, எனக்குக் காது இன்னும் நல்லா கேக்குது. இப்ப நீயும் கேளு. நாற்காலியில நிமிர்ந்து உக்காரு. கை, கால், வயிறு, எல்லாத்தையும் இறுக்கு. மூஞ்சி சூடாகுற வரைக்கும், ஒரு 10, 15 செகண்ட் பிடி. அப்புறம் விடு. துவண்டு போகாத, சாதாரணமா உக்காரு. 20, 30 செகண்ட் போகட்டும். மறுபடி இறுக்கு. இப்படி அஞ்சு முறை. ஒரு நாளைக்கு அஞ்சு வேளை. மூச்சை மட்டும் அடக்காத. தசை இறுகினா கால்ல தங்கின ரத்தம் மேல ஏறும், பிரஷர் நிக்கும். பழகிட்டா பஸ்ஸுல செய்யலாம், வகுப்புல செய்யலாம், பக்கத்துல இருக்கறவனுக்கே தெரியாது. உனக்கே ஊசி போடுறப்ப அந்தக் கையை மட்டும் தளர்த்தி வை, இல்லேன்னா மிசி ஏசும். நெஞ்சுக்கோளாறு, ரத்தக் கொதிப்பு உள்ளவங்க இதை டாக்டரைக் கேட்டுட்டுத்தான் செய்யணும். காரணமே இல்லாம மயங்கி விழுறவனும் முதல்ல டாக்டரைப் பார்க்கணும். நான் டாக்டர் இல்ல. நீயும் இன்னும் இல்ல.

இறுக்கப் பழகினா மட்டும் போதாது, ரத்தத்தையும் பார்க்கணும். எடுத்த எடுப்புல அறுவை அறைக்குப் போகாத. முதல்ல கைப்பேசியில படம் பாரு. அது அலுத்துப் போனதும் பாசாருக்கு வா. கோழிக்கடையில, மீன் கடையில நின்னு பாரு. கடைக்காரன் மேல மட்டும் சாய்ஞ்சுடாத, அவன் கையில கத்தி இருக்கும்.

அடுத்த படி உங்க வீட்டு அலமாரியிலேயே இருக்கு, ரத்தத்துல சீனி பார்க்கிற மெசின். 2019-ல அரசாங்கம் எடுத்த சுகாதார ஆய்வுல, மலேசியாவுல பெரியவங்கள்ல 18.3 விழுக்காட்டுக்கு இனிப்புநீர்னு தெரிஞ்சுது. நம்ம ஆளுங்க அதுலயும் முன்வரிசை. மத்த எதுல பின்தங்கினாலும் இதுல விட்டுக் கொடுக்கல. ஆக, உனக்குக் குத்திப் பழக விரல் பஞ்சம் கிடையாது. உங்க பாட்டி கையைச் சோப்புப் போட்டுக் கழுவிட்டு வரச் சொல்லு, நல்லா துடைக்கச் சொல்லு. ஊசி புதுசா இருக்கணும், ஒருத்தரைக் குத்தினது இன்னொருத்தருக்கு ஆகாது. விரல் நுனியோட நட்டநடுவுல குத்தாத, ஓரத்துல குத்து, வலி கம்மி. ஒரு துளி வரும். அப்ப கண்ணை மூடாத, தொடையையும் வயித்தையும் இறுக்கிக்கிட்டு அதையே பாரு. துளியில ஸ்ட்ரிப்போட முனையைத் தொட்டா அதுவே உறிஞ்சிக்கும். கொஞ்ச நேரத்துல 8.4னு காட்டும். உங்க பாட்டி 'மெசினு பொய் சொல்லுது'ம்பா. ராத்திரி என்ன சாப்பிட்டீங்கன்னு கேளு. 'ஒண்ணுமே சாப்பிடலைய்யா'ம்பா. தலகாணிக்குப் பக்கத்துல பிஸ்கெட் தூள் கிடக்கும். மருத்துவப் படிப்புல முதல் பாடம் அங்கேயே முடிஞ்சுது.

அதுக்கும் மேல ஒரு படி. 18 வயசு ஆகி, உடம்பு 45 கிலோவுக்குக் குறையாம இருந்தா, ரத்த தான முகாமுக்குப் போ. குளுவாங் பெரிய ஆஸ்பத்திரி பக்கத்துலதானே இருக்கு. முதல் தடவை கூட்டாளியோட துணைக்குப் போய் வேடிக்கை பாரு. அடுத்த தடவை நீயே கையை நீட்டு. உடம்புல ஏறக்குறைய அஞ்சு லிட்டர் ஓடுது, அவங்க எடுக்கிறது 350 இல்லேன்னா 450 மில்லி. மயக்கம் வந்தாலும் மெத்தையிலதான் இருப்ப, காலைத் தூக்கி விட ஆள் இருக்கும். இவ்வளவு வசதியா மயங்குறதுக்கு வேற எங்கடா இடம் கிடைக்கும்?

நாளைக்கு நிசமான அறுவை அறையில உனக்குத் தலை சுத்தினா வெக்கப்படாத. இங்கிலாந்துல நாட்டிங்காம் மருத்துவ மாணவர்களைக் கேட்டு 2009-ல வெளியிட்ட ஆய்வுல, 12 விழுக்காட்டுப் பேரு அறுவை அறையில மயங்கினதா, மயங்கப் பார்த்ததா ஒத்துக்கிட்டாங்க. முதல் காரணமா அவங்க சொன்னது வெக்கை, அடுத்தது ரொம்ப நேரம் நின்னது. அதனால பசியாறிட்டுப் போ. முட்டியை விறைப்பா வைக்காம கால் மாத்தி நில்லு. கண்ணோரம் இருட்ட ஆரம்பிச்சா வீராப்பு பண்ணாம சொல்லிட்டுத் தரையில உக்காந்துடு. விழுந்தே தீருவேன்னா பின்பக்கமா விழு. முன்னால படுத்திருக்கறவர் ஏற்கனவே நொந்து போயிருக்கார்.

மனநல டாக்டராகிடலாம், எக்ஸ்ரே படம் பார்க்கிற டாக்டராகிடலாம், ரத்தமே பார்க்க வேணாம்னு ஒரு குறுக்கு வழி உன் மண்டையில ஓடும். ஓடட்டும். அஞ்சு வருசப் படிப்பும், ரெண்டு வருசம் ஹவுஸ்மேனா, அதான் பயிற்சி டாக்டரா, வார்டு வார்டா மாறுறதும் எல்லாருக்கும் பொது. பிரசவ வார்டும் உண்டு, எலும்பு வார்டும் உண்டு. ரத்தம் உன்கிட்ட அனுமதி கேட்டுட்டு வராது. இத்தனை வழி இருந்தும் 'என் உடம்பு அப்படி'ன்னு ஒதுங்கினா, ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னு சொன்ன கதைதான்.

என்ன, மூஞ்சி வெளிறுது? பேசிக்கிட்டுத்தானே இருக்கோம்! இறுக்கு, காலை இறுக்கு... ம், அப்படித்தான். பார்த்தியா, சிவப்பு திரும்பி வந்துடுச்சு. இறுக்குற பாடத்துல நீ பாஸ்.

நாளைக்குக் காலையில வா. நான் பசியாறுறதுக்கு முன்னாடி, நீ பசியாறின பின்னாடி. என் விரலைத் தர்றேன், குத்து. மெசின்ல ஏழுக்கு மேல காட்டுச்சுன்னா உள்ள இருக்கிற கிழவிகிட்ட மூச்சு விடாத. நோயாளி ரகசியத்தைக் காப்பாத்தாதவனுக்கு டாக்டர் வேலை ஆகாது, ரத்தத்தைப் பார்த்து எவ்வளவு நேரம் நின்னாலும்.