டி.ஒய்.ஓ.ஆர். ஆசாமி

கிரிப்டோ குழுவில் சேரும் புதியவர் முதலில் கேட்பது ஒரே கேள்விதான்: "சார், இப்ப எதை வாங்கலாம்?" பதிலும் ஒன்றுதான்: "டி.ஒய்.ஓ.ஆர்." நீயே ஆராய்ந்துகொள் என்று அர்த்தம். அதன் வாலில் "என்.எஃப்.ஏ." என்று ஒன்று தொங்கும். இது முதலீட்டு ஆலோசனை அல்ல என்பதன் சுருக்கம் அது. ஆராயத் தெரிந்திருந்தால் இங்கே எதற்கு வருகிறேன் என்று புதியவர் திருப்பிக் கேட்பதில்லை. கேட்டால் மரியாதை கெட்டுவிடும் என்பது அன்றைக்கே புரிந்துவிடுகிறது.

மற்ற ஆசாரங்கள் சுலபம். நடுராத்திரியானாலும் 'ஜிஎம்', அதாவது குட் மார்னிங், சொல்ல வேண்டும். பிட்காயின் 2.1 கோடிக்கு மேல் வராது என்பதையும், 2010 மே 22-ல் 10,000 பிட்காயின் கைமாறி இரண்டு பீட்சா வந்த கதையையும் ஒவ்வொரு தடவையும் புதிதாகக் கேட்பதுபோல் கேட்க வேண்டும். லாபத்தில் 30 சதவீதம் வரி என்பதையும், ஒரு காயினில் வந்த நஷ்டத்தை இன்னொன்றின் லாபத்தில் கழிக்க முடியாது என்பதையும் சந்தை சரிந்த நாளில் நினைவூட்டக் கூடாது.

மூன்றாவது வாரம் புதியவரே டி.ஒய்.ஓ.ஆர். சொல்ல ஆரம்பிக்கிறார். அதுவரை குழுவில் அவர் சம்பாதித்தது அது ஒன்றுதான். ஆகவே கஞ்சத்தனம் இல்லாமல் செலவழிக்கிறார். "இந்தக் காயின் பத்து மடங்கு போகும், வீட்டை அடமானம் வெச்சாவது வாங்குங்க, என்.எஃப்.ஏ." என்கிறார். அந்த மூன்று எழுத்தைப் போட்டுவிட்டால் முன்னால் சொன்ன எதற்கும் தாம் பொறுப்பில்லை என்பது அவருடைய உறுதியான நம்பிக்கை. பழக்கம் வீட்டுக்கும் வருகிறது. ராத்திரிக்கு இட்லியா தோசையா என்று அம்மா கேட்டால், "நீங்களே ஆராய்ஞ்சு முடிவு பண்ணுங்கம்மா." தங்கைக்கு வந்த வரனைப் பற்றி மாமா விசாரித்தால், "பையன் நல்லவனாத்தான் தெரியறான் மாமா. ஆனா, என்.எஃப்.ஏ."

அவர் செய்த ஆராய்ச்சி என்னவென்றால், முகப்பில் ராக்கெட் படம் போட்ட ஒரு யூடியூப் வீடியோ. அதையும் இரட்டை வேகத்தில் ஓட்டிப் பார்த்தார். பிட்காயினை உருவாக்கிய சத்தோஷி நகமோட்டோ 2008 அக்டோபர் 31-ல் வெளியிட்ட வெள்ளை அறிக்கை மொத்தம் ஒன்பதே பக்கம். படிக்கவில்லையே தவிர, நாற்பது பேருக்கு அனுப்பியிருக்கிறார்.

இருந்தாலும் இவரை வெறுக்க முடியாது. சந்தை தலைகுப்புற விழுந்த இரவில் "எல்லாரும் சாப்பிட்டீங்களா?" என்று குழுவில் கேட்கும் ஒரே ஜீவன் இவர்தான். பழந்தின்று கொட்டை போட்டவர்கள் அந்நேரம் போனை அணைத்துவிட்டிருப்பார்கள்.

கோபம் வருவது அந்தப் பெரியவர்கள் மேல்தான். வாலட் திறக்கவில்லை என்று புதியவர் ஒருநாள் பதறிப்போய் உதவி கேட்கிறார். குழுவில் வழக்கமான நான்கு எழுத்து. கூடவே சிரிக்கும் பொம்மைகள். அடுத்த நிமிடம் 'சப்போர்ட்' என்ற பெயரில், லோகோவெல்லாம் வைத்துக்கொண்டு, ஒருவர் தனிச்செய்தியில் வருகிறார். பொறுமையாகக் கேட்கிறார், ஆறுதல் சொல்கிறார், வாலட்டின் சாவியான 12 ரகசியச் சொற்களை மட்டும் அனுப்பச் சொல்கிறார். அத்தனை பேர் இருக்கும் இடத்தில் புதியவரிடம் மனிதராகப் பேசியவர் திருடர் ஒருவர்தான். அந்தச் சொற்கள் கைமாறினால் காசும் கைமாறிவிடும். பிளாக்செயினில் ஏறிய பரிமாற்றத்தை ரத்து செய்ய முடியாது. போய் நின்று சண்டை போட வங்கி மேனேஜரும் கிடையாது. இது குழுவின் பெரியவர்கள் எல்லாருக்கும் தெரியும். எழுதியிருந்தால் ஒரு வரி.

அந்த வரி இதுதான்: 12 சொல்லோ 24 சொல்லோ, கேட்பவர் யாராயிருந்தாலும் கொடுக்காதீர்கள். கொடுத்துவிட்டவர்கள் உடனே அழைக்க வேண்டிய சைபர் குற்ற உதவி எண் 1930.