கண்ணாடிக்குள் ஒரு முளை

கேள்வி: ஜாங்கோ மாடலிலிருந்து டேட்டாபேஸ் வியூவுக்கு ஃபாரின் கீ போட்டால் மைக்ரேஷன் முரண்டு பிடிக்கிறதே, ஏன்?
- ஒரு வாசகர், தாராவி

பதில்: கண்ணாடியில் தெரியும் முளையில் மாட்டைக் கட்ட முடியுமா?

சாதாரண வியூவுக்குச் சொந்தச் சரக்கு கிடையாது. கேட்கும்போதெல்லாம் டேபிள்களிலிருந்து எடுத்துக் காட்டும், அவ்வளவுதான். அதனால் போஸ்ட்கிரெஸ் போன்ற டேட்டாபேஸ், 'இது டேபிளே இல்லை' என்று ஃபாரின் கீயைத் திருப்பி அனுப்பிவிடுகிறது.

ஜாங்கோ இதற்கொரு பின்வாசல் வைத்திருக்கிறது. வியூவின் மாடலில் 'மேனேஜ்ட்' ஃபால்ஸ், தனித்துவமான ஒரு நெடுவரிசை பிரைமரி கீ; ஃபாரின் கீயில் 'டிபி கன்ஸ்ட்ரெய்ன்ட்' ஃபால்ஸ், 'ஆன் டெலீட்'டுக்கு 'டூ நத்திங்'. மைக்ரேஷன் சாதுவாகிவிடும்.

ஆனால் காவல்காரரும் வீட்டுக்குப் போய்விடுவார். மாட்டுங்கா மெஸ் ஒன்றின் ரசீதுகள், 'வாடிக்கையாளர் பாக்கி' வியூவைச் சுட்டுவதாக வைத்துக்கொள்வோம். வியூவில் இல்லாத ஆளுக்கு ரசீது போட்டாலும் டேட்டாபேஸ் தடுக்காது. அந்த ஆளை மெஸ்காரர்தான் செம்பூர் வரை தேடிப் போக வேண்டும்!